துண்டுக்குள் ஒரு விரல் குறைவு

களமருதூர் பொன்னுரங்கத்துக்கு வலது தோளில் வலி வந்தது மாசி மாதத்தில். அதை வலி என்று அவர் ஒப்புக்கொண்டது பங்குனியில். நடுவில் இருந்த நாட்களில் அதற்கு வாயு என்று பெயர்.

வாயு என்பதால் முதலில் பூண்டு தின்றார். வாயு இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு அது சுளுக்கு என்று முடிவானது. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுபாஷ் தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுபாஷ் கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி வைத்து, இடது காலால் அவர் தோளை மூன்று முறை மிதித்துவிட்டுப் போனான். சுளுக்கு போகவில்லை. சுபாஷின் குதிகால் பட்ட இடம் மட்டும் இரண்டு நாள் தனியாக வலித்தது.

அடுத்து, கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு ஆடு இறக்கும் முனியன் ஒரு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். மலையில் காய்ச்சியது, என்ன போட்டது என்று கேட்கக் கூடாது, கேட்டால் பலிக்காது. பொன்னுரங்கம் கேட்கவில்லை. அதைத் தேய்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. மற்றபடி அந்த எண்ணெயால் ஒரு குறையும் இல்லை, ஒரு பலனும் இல்லை.

உண்மையில் பலன் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி பாதியாகக் குறைந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் குடும்பம் நடக்கிற வீட்டில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருக்க முடியும்?

"வெளக்கு வெக்கிற நேரத்துல தலையில கைய வெச்சிக்கினு குந்தினுகிறியே, வூட்ல இன்னா எழவா வுழுந்துட்ச்சி?" என்றாள் அவர் மனைவி அம்சவள்ளி.

கையை எடுத்தார். வலித்தது. அம்சவள்ளி உள்ளே போனதும் மறுபடி வைத்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் ஆட்டுத் தரகர். உளுந்தூர்பேட்டையில் புதன்கிழமை கூடும் சந்தையில் இருபத்தெட்டு வருஷமாக, விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் குந்தியிருக்கிறார். அவர் பழகிய சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தன் வலது கையின் மேல் துண்டைப் போடுவார். துண்டுக்குள் விற்கிறவர் கையை விட்டுத் தரகரின் விரல்களைப் பிடிப்பார். ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தால் ஒன்று, அதாவது ஆயிரம். நடுவிரலையும் சேர்த்தால் இரண்டு. சுண்டுவிரல் வரைக்கும் போனால் நான்கு. கட்டைவிரலோடு மொத்தக் கையையும் பிடித்தால் ஐந்து. எந்த விரல் என்று பார்ப்பதில்லை, எத்தனை விரல் என்பதுதான் கணக்கு. பத்தாயிரத்துக்கு மேல் நான்கா, இருபதுக்கு மேல் நான்கா என்பதெல்லாம் ஆட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதுகூடத் தெரியாதவனுக்குச் சந்தையில் என்ன வேலை? பிறகு வாங்குகிறவர் கை உள்ளே வரும். இப்படி மாறி மாறிப் பேசி, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது தரகர் "முடிஞ்சது" என்பார். முடிஞ்சது என்றால் முடிந்தது. சுற்றி நிற்கிற இருபது பேருக்குத் தெரிவது துண்டு மட்டும். உள்ளே நடந்ததை வெளியே சொல்கிற வழக்கம் கிடையாது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

ஆக, தோள் வலித்தால் தரகருக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. வலித்துவிட்டுப் போகட்டும். விரல் பிசகினால் அதோடு தொழில் போச்சு.

வெளியே தெரிகிற மாதிரி விரல் பிசகியது பங்குனி இரண்டாவது புதன்கிழமை. அன்று காலையில் டீக்கடையில் கிளாசை வாங்கினார். டீ மாஸ்டர், "சூடு சூடு, வெளிம்ப புடிங்க" என்றார். பொன்னுரங்கம் கிளாசின் நடுவில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பிடித்து, ஒன்றும் நடக்காதது போலக் குடித்து முடித்தார். மாஸ்டர் அவரை மரியாதையோடு பார்த்தார். பொன்னுரங்கம் தன் விரல்களைப் பார்த்தார். இரண்டும் சிவந்திருந்தன. இரண்டும் யாரோ ஒருவருடைய விரல்களைப் போல இருந்தன.

அதற்கு ஒரு மணி நேரம் கழித்து முனியன் ஒரு கிடாயோடு வந்தார். வாங்க வந்தவர் வெளியூர் வியாபாரி. துண்டுக்குள் முனியன் பிடித்தார். பொன்னுரங்கத்துக்கு மூன்று என்று பட்டது. அதையே வியாபாரியின் விரல்களில் பிடித்துக் காட்டினார். வியாபாரி தலையாட்டினார். "முடிஞ்சது" என்றார் பொன்னுரங்கம்.

பணத்தை எண்ணிய முனியன், வியாபாரி ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும் வரை காத்திருந்தார். மலைக்காரர்கள் சத்தம் போட மாட்டார்கள்.

"தரகரே, நான் நாலு புடிச்சேன்" என்றார்.

"மூணுதான் முனியா."

"நாலு புடிச்சேன்."

பொன்னுரங்கம் தன் சட்டைப் பையில் கை விட்டார். முனியன் தடுத்தார். "காசுக்குச் சொல்லல. சொல்லு சொல்லுதான், ஆடு போயிட்டுது. ஆனா இனிமே ஒங்க கிட்ட கை குடுக்க மாட்டேன்."

திட்டியிருந்தால் பொன்னுரங்கம் பதிலுக்குத் திட்டியிருப்பார், மனசு ஆறியிருக்கும். முனியன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அன்று இரவும் பொன்னுரங்கம் முனியன் கொடுத்த எண்ணெயைத்தான் தேய்த்துக்கொண்டார். வேறு எண்ணெய் இல்லை.

முதலில் முனியன் பொய் சொல்கிறார் என்றே நம்பினார். அப்படி நம்புவது வசதியாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு அம்மா ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து ஒன்று என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க, அவர் "சொல்லும்மா" என்று காத்திருக்க, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி துண்டுக்குள் கையைக் கோத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தார்கள். அப்போதுதான் புரிந்தது. நான்கு வரை யார் எவ்வளவு பிடித்தாலும் அவருக்கு ஒன்று குறைவாகவே வருகிறது. ஆள்காட்டி விரல் கணக்கிலேயே இல்லை.

இடது கையை நீட்டலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். இடது கையை நீட்டினால் எந்தச் சாதிக்காரனும் எந்த மதத்துக்காரனும் எழுந்து போய்விடுவான். வெளியே சொல்லலாமா என்று யோசிக்கவே இல்லை. விரல் செத்த தரகர் என்று பெயர் எடுத்துவிட்டால், அப்புறம் யார் அவர் துண்டுக்குள் கை விடுவார்கள்?

ஆச்சரியம் என்னவென்றால், பெரிய வியாபாரியான காஜா பாயிடம் மட்டும் ஒரு தப்பும் வரவில்லை. காஜா பாய் கறிக்கடைகளுக்கு மொத்தமாக ஆடு பிடிக்கிறவர், இருபது வருஷப் பழக்கம். சமீபமாக அவருடைய பிடி மாறியிருந்தது. சுண்டுவிரலிலிருந்து தொடங்கினார். நான்கு என்றால் மூன்று விரலைப் பிடித்துவிட்டு, சுண்டுவிரலை இன்னொரு தடவை அமுக்கினார். பாய்க்கு வயதாகிவிட்டது, பாவம், பழக்கமெல்லாம் தலைகீழாகிறது என்று பொன்னுரங்கம் நினைத்துக்கொண்டார்.

சித்திரை பிறந்ததும், தலையில் கை வைப்பதைப் பொறுக்க முடியாமல் அம்சவள்ளி அவரைக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே ரம்யா என்ற பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ரப்பர் சுத்தி வைத்திருந்தாள்.

"இன்னா பண்ணுதுங்கய்யா?"

"தோள்ல வலி."

ரம்யா அவர் கழுத்தைத் தொட்டாள்.

"இங்க இல்லம்மா. கீழ."

"தெரியுதுங்கய்யா" என்றபடி அவர் தலையைப் பின்னுக்கும் வலப்பக்கமும் சாய்த்து, மேலிருந்து மெல்ல அமுக்கினாள். கழுத்திலிருந்து கட்டைவிரல் வரைக்கும் சுள்ளென்று இழுத்தது. பொன்னுரங்கம் அம்மா என்று சொல்லாமல் இருப்பதற்காகப் பல்லைக் கடித்தார்.

"தலையில கை வெச்சா வலி கம்மியாவுதா?"

பொன்னுரங்கம் அம்சவள்ளியைப் பார்த்தார். அம்சவள்ளி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

"கம்மியாவுது."

"அப்ப வெச்சிக்குங்க. தப்பில்ல. கழுத்தெலும்புக்கு நடுவுல நரம்பு வெளிய வர்ற எடத்துல நசுங்குது. கைய மேல தூக்கினா அதுக்குக் கொஞ்சம் எடம் கெடைக்கிது."

"நசுங்கறது கழுத்துலன்னா, வலி ஏன் தோள்ல வருது?"

"ஒங்களுக்கு நெலம் இருக்குதுங்களா?"

"ஒரு காணி."

"மோட்டார் கொட்டாய் கிட்ட பைப்ப ஒருத்தன் மிதிச்சிக்கினு நின்னா, தண்ணி எங்க வராது? கடைசி பாத்தியில. நீங்க இத்தினி நாளா கடைசி பாத்திய வெட்டிக்கினு இருந்திருக்கீங்க. எண்ணெ தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சேன்."

"மிதிக்க வுட்டீங்களா?"

பொன்னுரங்கம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"செரி. வெரல் எப்பிடி இருக்குது?"

"வெரலுக்கு இன்னா, நல்லா இருக்குது."

"கண்ண மூடுங்க. தொட்டா சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஆனது. வெளியே யாரோ சீட்டு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"தொடும்மா" என்றார்.

"மூணு வாட்டி தொட்டுட்டேங்கய்யா."

கண்ணைத் திறந்தபோது ரம்யா பஞ்சை அவருடைய ஆள்காட்டி விரல் மேல் வைத்திருந்தாள். அம்சவள்ளி இப்போது காலண்டரைப் பார்க்கவில்லை.

"கட்டைவெரலும் ஆள்காட்டி வெரலும்தான் மரத்திருக்குது" என்றாள் ரம்யா. "நசுங்கின நரம்பு போற எடம் அது. சுண்டுவெரலு வேற நரம்பு. அது நல்லா வேல செய்யிது. பாருங்க." சுண்டுவிரலைப் பஞ்சால் தொட்டாள். தெரிந்தது.

பொன்னுரங்கம் தன் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். காஜா பாய்க்கு வயதாகவில்லை. பாயின் பிடி தலைகீழாகவும் இல்லை. உயிர் இருக்கிற விரலாகப் பார்த்து மனுஷன் பேசியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதை ரம்யா கழுத்து வலி என்று எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் கொடுத்தாள்.

எப்படி வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னார். ஒரு கையில் ஆட்டின் காது, ஒரு கை துண்டுக்குள், செல்போன் வலது தோளுக்கும் காதுக்கும் நடுவில். போன் வராத நேரத்தில், நடக்க மறுக்கும் ஆட்டைத் தூக்கிப் பிடரியில் போட்டுக்கொண்டு வேனுக்கு நடப்பார். ரம்யா எழுதுவதை நிறுத்திவிட்டு, அவர் சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"செல்போன தோள்ல வெக்காதீங்க. ஆட்ட கழுத்துல வெக்காதீங்க. தலைய குனிஞ்சிக்கினு இருக்காதீங்க. தலகாணி ஒண்ணு போதும். தாடைய நேரா உள்ள இழுத்து, அஞ்சு எண்ணி வுடணும். ஒரு வேளைக்குப் பத்து. வலி ஜாஸ்தியானா நிறுத்திடுங்க. நெறைய பேருக்கு ஆறு வாரத்துல கொறைஞ்சிடும், செல பேருக்கு இன்னும் நாளாவும். கையில பலம் கொறைஞ்சி சாமானெல்லாம் நழுவிச்சின்னா அன்னிக்கே டாக்டர் கிட்ட வந்துடணும்."

ஆறு வாரம் என்றால் பக்ரீத் சந்தைக்குச் சரியாக இருக்கும். வருஷத்தில் பெரிய சந்தை அதுதான். ஒரு வாரம் தவறினாலும் போச்சு.

திரும்பி வருகிற பஸ் தியாகதுருகம் தாண்டியது. "வெரலு எத்தினி நாளா இப்பிடி?" என்றாள் அம்சவள்ளி.

"பங்குனியிலேர்ந்து."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"துண்டுக்குள்ள நடக்கறத வெளிய சொல்றதில்ல."

"நான் வெளியா?" என்றாள். பொன்னுரங்கம் தாடையை உள்ளே இழுத்து ஐந்து எண்ண ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலமே அவள் அவர் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டாள். பிடித்தாள். "எத்தினி?" என்றாள். "ரெண்டு." "மூணு." மறுபடி பிடித்தாள். முதல் நாள் பத்தில் மூன்று சரியாக வந்தது. அவள் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டுச் சோறு போட்டாள். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இருவரும் இத்தனை நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

சந்தைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் பெரும்பாலும் காஜா பாய் வாங்கும் ஆடுகளுக்கே போய் நின்றார்; விற்கிறவர் கையைப் பிடிக்கும்போது இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். சும்மா இருக்கும் நேரத்தில் தாடையை உள்ளே இழுத்தார். அதைப் பார்த்து, விலை கம்மி என்று தரகர் முகம் சுளிக்கிறார் என நினைத்து, வாங்க வந்த ஒருவர் தானாக ஒரு விரல் ஏற்றினார். வைத்தியத்தில் இப்படியும் ஒரு பலன்.

நாலாவது வாரம் தோள் வலி நன்றாகக் குறைந்தது. விரல்களில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு வந்தது. பத்தில் ஆறு சரியாகச் சொன்னார். அந்தத் தெம்பில், முனியனைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் இறங்கி, முனியனின் ஊருக்கு நடந்தார். முனியன் வீட்டில்தான் இருந்தார். வாங்க என்றார். தினைக் கஞ்சி கொடுத்தார். பலாப்பழம் அறுத்துக் கொடுத்தார். தோள் வலி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார். ஆட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

"எண்ணெ நல்லா கேக்குது" என்றார் பொன்னுரங்கம்.

சொல்ல வந்ததைச் சொல்லாமல், இன்னொரு பாட்டில் எண்ணெயோடு மலை இறங்கினார். ஒரு மனுஷன் பொய் சொல்வதற்காக அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகலாமா? போயிருந்தார்.

பக்ரீத்துக்கு முந்திய புதன்கிழமை விடிகாலையில் சந்தையில் கால் வைக்க இடமில்லை. முந்தின நாள் சாயங்காலம் அம்சவள்ளியிடம் பத்தில் ஒன்பது சரியாக வந்திருந்தது. தொடுவது தெரிந்தது, போர்வைக்கு மேல் தொடுவதைப் போலத் தெரிந்தது, அவ்வளவுதான். முனியன் எட்டுக் கிடாய்களோடு சரத்குமார் என்ற சின்ன வயசுத் தரகர் பக்கத்தில் நின்றார். சரத்குமார் துண்டை எடுத்துத் தயாராகிக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் நேரே அங்கே போனார். ஏன் அன்றைக்குத் துணிச்சல் வந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அந்தப் பலாச்சுளைகள் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"முனியா, பங்குனியில நீ புடிச்சது நாலு. நான்தான் மூணுன்னுட்டேன். அப்ப என் வெரலு மரத்துப் போயிருந்துச்சி. கழுத்துல நரம்பு நசுங்கிகினு இருந்துது. இப்ப சரியாவுது. தப்பு என்து. மலைக்கு வந்தது இத்த சொல்லத்தான். சொல்லல."

முனியன் அவரையே பார்த்தார். பதில் சொல்வதற்குள், பதினைந்து பேர் காதில் விழுந்துவிட்டது. பதினைந்து பேர் கேட்டால் சந்தை முழுக்கக் கேட்ட மாதிரி. நசுங்கியது, சரியாகிறது என்கிற விவரமெல்லாம் போகிற வழியிலேயே உதிர்ந்துவிட்டது. சந்தை வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது, பொன்னுரங்கத்துக்கு விரல் செத்துவிட்டது என்ற செய்தி மட்டும்.

தன் இடத்துக்கு வந்து குந்தினார். எட்டு மணி வரை ஒருவரும் வரவில்லை. திருநாவலூர்க்காரர் ஒருவர் வழக்கமாக அவரிடமே வருகிறவர். அன்று ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவது போல அந்தப் பக்கமாகப் போய்விட்டார். தோள் மறுபடி வலித்தது. பொன்னுரங்கம் வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார். வைத்தியம்தான். ஆனால் பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ அதுவும் அன்று சரியாகத்தான் இருந்தது.

காஜா பாய் வந்து எதிரே குந்தினார்.

"மலை ஆடு எட்டு வேணும். முனியன் ஆடு. பேசு."

"முனியன் சரத்குமார் கிட்ட நிக்கிறான் பாய்."

"நான் ஒன்கிட்டதானே குந்திகிறேன். கைய எறக்கு."

தலையிலிருந்து கையை இறக்கினார். பாய் துண்டைப் போட்டு உள்ளே கையை விட்டார். சுண்டுவிரலைப் பிடித்தார்.

பொன்னுரங்கம் துண்டுக்குள்ளேயே பாயின் கையை எடுத்து, தன் ஆள்காட்டி விரல் மேல் வைத்தார். பாயின் கை ஒரு நொடி அசையவில்லை. பிறகு அந்த விரலைப் பிடித்தது, மெதுவாக, முட்டையைப் பிடிப்பதைப் போல.

"தெரியுதா?"

"தெரியுது பாய். ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மாசியிலேர்ந்து. ஒண்ணு புடிச்சேன். நீ, 'சொல்லுங்க பாய், சொல்லுங்க பாய்'னு குந்தினு இருந்த."

"ஏன் சொல்லல?"

காஜா பாய்க்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "இன்னா பொன்னுரங்கம், தொழிலுக்கு நேத்து வந்தவனா நீ? துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்வாங்களா?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். குனியக் கூடாது என்று ரம்யா சொல்லியிருந்தாள். அப்போது அவருக்கு அது ஞாபகம் இல்லை.

வாங்குகிறவர் இங்கே குந்தியிருக்கும்போது விற்கிறவர் அங்கே நின்று என்ன செய்வது? சற்று நேரத்தில் எட்டுக் கிடாய்களும் வந்தன, பின்னால் முனியன் வந்தார். பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே குந்தி, துண்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டார். சுற்றி நின்றவர்கள் வழக்கம்போலத் துண்டைப் பார்த்தார்கள்.

முனியன் ஆள்காட்டி விரலில் தொடங்கினார். இந்தத் தடவை தப்பு வரக் கூடாது என்று நினைத்தாரோ, பங்குனி மாதத்துக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததோ, மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையால் அந்த விரலை நெரித்தார்.

வலித்தது. மூன்று மாதத்தில் அந்த விரலில் வந்த முதல் வலி. பொன்னுரங்கம் கையை எடுக்கவில்லை.